கைமாறிய தூரம்

தகவல் தொழில்நுட்பம் தூரத்தை ஒழித்துவிடும் என்ற வாக்குறுதி, நகரங்களைப் பற்றிய சிந்தனையில் நீண்ட காலமாகப் புழங்கிவருகிறது. பேச்சும் எழுத்தும் கணக்கும் கம்பி வழியாகக் கணநேரத்தில் சென்று சேருமானால் மனிதர்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து வாழவேண்டிய தேவை என்ன என்ற கேள்வியை அமெரிக்க நகர்த் திட்டவியலாளர் மெல்வின் வெப்பர் 1960களிலேயே எழுப்பினார். 1997இல் பிரிட்டனைச் சேர்ந்த பத்திரிகையாளர் பிரான்சிஸ் கெய்ர்ன்கிராஸ் ‘தூரத்தின் மரணம்’ என்றே தம் நூலுக்குப் பெயரிட்டார். அதே 1997இல் தமிழ்நாடு அரசு தன் தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்ட இன்று, சென்னையின் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை நேரத்தில் நகராமல் நிற்கும் வாகன வரிசையும், அதன் இடுக்குகளில் முதுகுப்பையோடு நுழைந்து செல்லும் இருசக்கர வண்டிகளும், நீர் சொட்டச்சொட்ட ஊர்ந்துபோகும் தண்ணீர் லாரிகளும், டீசல் புகையும் மெட்ரோ ரயில் பணியின் புழுதியும் கலந்த காற்றும் அந்த வாக்குறுதியை ஓயாமல் மறுத்துக்கொண்டிருக்கின்றன. தூரம் உண்மையிலேயே செத்துப்போயிற்று என்றால் இத்தனை பேர் இத்தனை நேரமாக எதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள் என்ற உறுத்தல், அந்தச் சாலையைச் சற்றுக் கவனித்துப் பார்க்கிற எவரையும் எளிதில் விடுவதில்லை. தூரம் ஒழியவே இல்லை, ஒரு சாராரின் தோளிலிருந்து இறக்கப்பட்டு வேறொரு சாராரின் தோளிலும், சிலவேளைகளில் மண்ணின் மீதும் நீரின் மீதும் ஏற்றப்பட்டிருக்கிறது என்ற ஐயம் அந்த உறுத்தலிலிருந்தே பிறக்கிறது.

சென்னைக்கும் தொலைத்தொடர்புக்குமான உறவு கணினியோடு தொடங்கியதன்று. 1871ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இழுக்கப்பட்டிருந்தது. கப்பல் கொண்டுவந்து சேர்க்கும்வரை காத்திருந்த செய்தி அதன்பின் மணிக்கணக்கில் வந்து சேர்ந்தது. 2002இல் செயல்பாட்டுக்கு வந்த ஐ2ஐ என்ற கடலடிக் கேபிள், 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் சென்னையைச் சிங்கப்பூரோடு மீண்டும் இணைத்தது. இம்முறை செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழையும், மின் துடிப்புக்குப் பதிலாக ஒளியும் செய்தியைச் சுமந்தன. ‘சீ-மீ-வீ 4’ உள்ளிட்ட பிற கேபிள்களும் அடுத்தடுத்துச் சென்னைக் கரைக்கு வந்தன. 2020 ஆகஸ்டில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் செல்லும் கேபிளும் பயன்பாட்டுக்கு வந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு சொல் நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் சிங்கப்பூரைத் தொட்டுவிடுகிறது. அந்தச் சொல்லை எழுதியவரோ, மாநகரின் நடுவிலுள்ள தம் வீட்டிலிருந்து சிறுசேரியிலுள்ள அலுவலகத்துக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் நிற்கிறார். ஸ்பானிய சமூகவியலாளர் மானுவேல் காஸ்டெல்ஸ் இந்த இரட்டை நிலையை விளக்க ‘பாய்வுகளின் வெளி’ என்ற கருத்தை 1980களின் இறுதியில் முன்வைத்தார்: பணமும் கட்டளையும் தகவலும் ஓடிக்கொண்டிருக்கும் தடங்களால் தொலைவிலுள்ள புள்ளிகள் ஒரே பணியிடமாகக் கோக்கப்படுவது பாய்வுகளின் வெளி, உடலோடு மனிதர்கள் உண்டு உறங்கி நடமாடும் தெருக்களும் ஊர்களும் ‘இடங்களின் வெளி’. இவ்விரண்டும் ஒரே நகரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்றின் தேவை புலப்படுவதில்லை என்பதே சென்னையின் தென்பகுதியைப் பார்க்கையில் அக்கருத்துக்குக் கிடைக்கும் பொருள்.

தூரத்தை வென்ற தொழில் ஏன் ஒரே சாலையின் இருபுறமும் வந்து குவிந்தது என்பதும் யோசிக்கத்தக்கது. சாஸ்கியா சாசென் 1991இல் வெளியிட்ட ‘உலக நகரம்’ என்ற நூலில், வேலை உலகெங்கும் சிதறச்சிதற அதைக் கட்டுப்படுத்துவதற்கும் அதற்குச் சேவை செய்வதற்குமான பணிகள் சில நகரங்களில் மேலும் செறிகின்றன என்று வாதிட்டார். அவர் ஆராய்ந்தவை நியூயார்க், லண்டன், டோக்கியோ ஆகிய கட்டளையிடும் நகரங்கள். கட்டளையை ஏற்றுச் செய்து முடிக்கும் நகரங்களிலும் செறிவு வேறு காரணங்களால் நிகழ்கிறது: இழைக் கேபிளும் தடையற்ற மின்சாரமும் பயிற்சிபெற்ற ஆட்களும் ஒரே இடத்தில் கிடைக்கவேண்டியிருக்கிறது, அதற்கான நிலத்தை அரசு ஒதுக்கிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. டிட்கோ, எல்காட் என்ற இரு அரசு நிறுவனங்களின் பெயரால் அமைந்த டைடல் பார்க் என்ற தொழில்நுட்பப் பூங்கா 2000ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் திறக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டில், அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டிக்கொள்ளலாம் என்று வரையறுக்கும் கணக்கில், சலுகை கிடைத்தது. 2008 அளவில் ஆறுவழிச் சாலை பயன்பாட்டுக்கு வந்து, ராஜீவ் காந்தி சாலை என்ற பெயரும் பெற்றது. கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், சிறுசேரி என்று வரிசையாக நின்ற ஊர்கள் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களாயின. ஏரியும் தாங்கலும் வயலும் களத்துமேடுமாக இருந்த ஊர்களின் நிலம், கண்ணாடிச் சுவர் போர்த்திய கட்டடங்களுக்கும் அவற்றில் வேலை செய்வோரின் அடுக்குமாடிகளுக்கும் உரியதாயிற்று.

அந்நிலத்தின் இயல்பை அறியாமல் இந்த மாற்றத்தை அளக்க இயலாது. சாலைக்கு மேற்கே கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் மழைநீர் அங்கே வந்து பரவி நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையின் கீழே கடந்து, பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. 1960களில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருந்ததாகக் கணிக்கப்படும் அச்சதுப்பில், 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது எல்லைக்குள் வந்தது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் மட்டுமே. இடைப்பட்ட இழப்பு முழுவதையும் கணினித் தொழிலின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. பெருங்குடிக் குப்பைக்கிடங்கும், அரசின் நிறுவனங்களும், ரயில் பாதையும், வேளச்சேரியின் குடியிருப்புகளும் சேர்ந்தே அதைத் தின்றன. ஆயினும் அங்கே நிலத்தின் விலையை ஏற்றி, ஈரத்தை வெற்றிடமாகப் பார்க்கும் பார்வையை நகரத்துக்குப் பழக்கியதில் இழைக் கேபிளோடு வந்த பொருளாதாரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. தகவலின் பாதை நேராகவும் வேகமாகவும் அமைய அமைய, நீரின் பாதை வளைந்து சுருங்கிற்று. மேட்டிலிருந்து கடலுக்குப் போக நீருக்கு இருந்த தூரம் கட்டடங்களைச் சுற்றிப் போகவேண்டியதாக நீண்டது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் தரைத்தளத்து வீடுகளுக்குள் வந்து நிற்பது, போக வழியற்ற அந்த நீர்தான்.

மழைக்காலத்தில் மிகுந்து நிற்பதே கோடையில் காணாமற்போகிறது. சாலையின் பெரும்பகுதிக்குக் குழாய்நீர் நெடுங்காலம் எட்டாமலே இருந்ததால், அலுவலக வளாகங்களும் அடுக்குமாடிகளும் ஆழ்துளைக் கிணறுகளையும் லாரித் தண்ணீரையும் நம்பியே வளர்ந்தன. சுற்றுப்புறக் கிராமங்களின் நிலத்தடி நீர் லாரிகளில் ஏறிச் சாலைக்கு வந்தது. 2019 ஜூன் மாதம் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, இச்சாலையில் இருந்த நிறுவனங்கள் சில தம் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி கேட்டுக்கொண்டன. பெருந்தொற்று அந்தப் பழக்கத்தை உலகம் முழுவதற்கும் கற்றுக்கொடுப்பதற்குச் சில மாதங்கள் முன்பே சென்னையில் அதைத் தண்ணீர்ப் பஞ்சம் கற்றுக்கொடுத்துவிட்டது. தொலைவிலிருந்து வேலை செய்யும் வசதி அப்போது உண்மையாகவே உதவிற்று. ஆனால் ஊழியரின் பயணத்தை அது மிச்சப்படுத்தியபோது, தண்ணீர் லாரியின் பயணத்தையோ, அந்த லாரி நீர் எடுத்த கிராமத்தில் கிணற்றடியில் குடத்தோடு காத்திருந்த பெண்ணின் நடையையோ குறைக்கவில்லை. இப்போது அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழுந்துவரும் தரவு மையங்கள் இக்கணக்கை மேலும் கூர்மையாக்குகின்றன. தரவு மையம் என்பது பல்லாயிரம் கணினிகளை அடுக்கிவைத்து இரவுபகலாக இயக்கும் கட்டடம். அதற்குள் மனிதர்கள் மிகக் குறைவு, வெப்பம் மிக அதிகம், அவ்வெப்பத்தைத் தணிக்க மின்சாரம் ஓயாமல் தேவை, பல மையங்களில் நீரும் தேவை. ‘மேகம்’ என்று பேச்சு வழக்கில் மென்மையாகச் சுட்டப்படுவதன் உண்மையான உருவம் அதுதான்: சுற்றுச்சுவரும் மின்மாற்றிகளும் டீசல் ஜெனரேட்டர்களும் கொண்டு, தரையில் கனத்து நிற்கும் ஒரு கட்டடம்.

இதே சாலையை ஒட்டிய பகுதிகளில்தான் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. டைடல் பார்க் திறக்கப்பட்ட அதே காலகட்டத்தில், நகரின் நடுவே ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களைத் துரைப்பாக்கத்துக்கு அருகே கண்ணகி நகரில் குடியமர்த்தும் பணி தொடங்கிற்று. பின்னர் செம்மஞ்சேரியில், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் வீடிழந்தோர் உள்ளிட்டவர்களுக்கு வீடுகள் கட்டப்பட்டன. பெரும்பாக்கத்தில் திட்டமிடப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை மட்டுமே 20,000க்கும் மேல். சிந்தாதிரிப்பேட்டையிலோ சேத்துப்பட்டிலோ நடந்துபோகும் தூரத்தில் வேலையும் பள்ளியும் அரசு மருத்துவமனையும் கொண்டிருந்த குடும்பம், ஒரே நாளில் அவற்றிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளி வைக்கப்பட்டது. நகரின் நடுவிலிருந்த வேலைகள் எட்டாமற்போனபின், அங்குள்ள பெண்கள் பலர் கண்ணாடிக் கட்டடங்களில் துப்புரவுப் பணிக்குச் சேர்ந்தார்கள். ஆண்கள் பலர் காவலர்களானார்கள், சுமை தூக்கினார்கள், வண்டி ஓட்டினார்கள். முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்பது அங்கு வளர்ந்த இளைஞர்களின் நெடுநாளைய முறையீடு. கடலுக்கு அப்பாலுள்ள வாடிக்கையாளர் பக்கத்து அறையில் இருப்பவர்போல் நெருங்கிவந்த அதே ஆண்டுகளில், அதே சாலையில், ஒரு தாய்க்கும் அவள் மகப்பேற்றுக்குப் போய்வந்த மருத்துவமனைக்கும் இடையிலான தூரம் பல மடங்கு பெருகிற்று. இவ்விரண்டையும் தற்செயலாக அக்கம்பக்கத்தில் நேர்ந்தவை என்று ஒதுக்கிவிட முடியாது. நகரின் நடுவே நிலத்தை விடுவிக்கும் விருப்பமும், நகரின் விளிம்பைத் தொழில்வெளியாக்கும் விருப்பமும் ஒரே வளர்ச்சிக் கனவின் இரு கைகள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் ஐயம் எதிர்த்திசையிலும் எழவேண்டும். விருதுநகரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் முதல் தலைமுறைப் பட்டதாரியாக வந்த பெண்ணுக்கு, இச்சாலையின் விடுதி அறை வாழ்வில் முதன்முறையாகத் தன் பெயரில் வாடகை கட்டிய அறையாக இருந்திருக்கிறது. எந்தச் சாதி, யார் மகள் என்று கேட்கும் தெருவிலிருந்து விலகி, இரவுப் பணி முடிந்து விடிகாலையில் நிறுவன வண்டியில் திரும்பி, சாலையோரக் கடையில் தோழிகளோடு தேநீர் குடிக்கும் உரிமை சிறிதன்று. ஊரிலிருந்து கிடைத்த அந்தத் தூரத்தை அவள் சுமையாக எண்ணவில்லை, வரமாகவே பெற்றாள். அவள் அனுப்பிய பணத்தில் ஊரில் வீடு எழுந்தது, தம்பியின் படிப்பு முடிந்தது. எனவே தூரம் குறைவது நன்று, கூடுவது தீது என்று எளிய வாய்பாடு எதையும் எழுதிவிட முடியாது. விரும்பி ஏற்ற தூரம் விடுதலையாகிறது, திணிக்கப்பட்ட தூரம் தண்டனையாகிறது. விடுதிப் பெண்ணையும் கண்ணகி நகர்ப் பெண்ணையும் பிரிப்பது அவர்கள் கடந்த கிலோமீட்டர்களின் எண்ணிக்கையன்று, அதைத் தீர்மானித்தவர் யார் என்பதே. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற பழைய வழக்காடலைக் காட்டிலும் இக்கேள்வியே நகரத்தைப் புரிந்துகொள்ள உதவும் என்று தோன்றுகிறது.

கைபேசி தெருவைத் தொட்டபோது இக்கேள்வி இன்னும் நுணுக்கமானது. 1980களின் பிற்பாதியிலிருந்து தமிழ்நாட்டின் ஒவ்வொரு முச்சந்தியிலும் முளைத்த எஸ்.டி.டி. பூத், தொலைத்தொடர்பு ஓர் இடத்தைப் பிடித்து நின்ற காலத்தைச் சேர்ந்தது. கண்ணாடிக் கூண்டின் புழுக்கம், செந்நிற எண்கள் ஓடும் மீட்டர், இரவு ஏற ஏறக் கட்டணம் குறைவதால் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் வரிசை, பலவிடங்களில் அதை நடத்திய மாற்றுத்திறனாளி ஒருவரின் தெரிந்த முகம் ஆகிய அனைத்தும் சேர்ந்து தெருவுக்கு ஒரு நிழலைக் கொடுத்தன. கைபேசி அந்த இடத்தைக் கரைத்து ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் போட்டது. பேச விரும்பியவருக்கு அது பெரும் பேறு. அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே கருவி வழியாக உணவும் மளிகையும் வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கியபோது, வாங்குபவர் நடக்காமல் விட்ட தூரத்தை வேறொருவர் வண்டியில் ஓடித் தீர்க்கவேண்டியதாயிற்று. எந்த ஆணை யாருக்கு, எத்தனை நிமிடத்தில், என்ன கூலிக்கு என்பதைத் தீர்மானிப்பது அல்காரிதம் எனப்படும் கணக்குமுறை. அதன் விதிகளை வண்டி ஓட்டுபவரால் படிக்க முடியாது, அதனோடு பேரம் பேசவும் முடியாது. ஆணைக்கும் ஆணைக்கும் இடையே அவர் எங்கே நிற்பது, எங்கே தண்ணீர் குடிப்பது, எங்கே சிறுநீர் கழிப்பது என்பன அக்கணக்கில் இடம்பெறாத கேள்விகள். மே மாதத்து நண்பகலில் மேம்பாலத்தின் அடியிலும் மூடிய கடைகளின் படிகளிலும் கைபேசித் திரையைப் பார்த்தபடி குந்தியிருக்கும் இளைஞர்கள், நகரம் தங்களுக்கென்று ஓர் அடி இடத்தையும் ஒதுக்காததன் சாட்சிகள். இவ்வகைத் தொழிலாளர்களுக்கெனத் தமிழ்நாடு அரசு நலவாரியம் ஒன்றை 2023இல் அமைத்ததும், சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணாநகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறை ஒன்றைத் திறந்ததும் அக்கேள்விகள் காதில் விழத் தொடங்கியதன் அடையாளங்கள். அந்த ஓய்வறையில் உட்காரும் நேரம் கூலியில் கழிந்துவிடக்கூடாது என்பது அடுத்து வரவேண்டிய ஏற்பாடு.

நகரத்தை ஆள்வோரின் கண்ணும் இத்தொழில்நுட்பத்தால் மாறியிருக்கிறது. 2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பகுதியாகச் சென்னையிலும் ஒருங்கிணைந்த கட்டளைக் கட்டுப்பாட்டு மையம் அமைந்தது; கேமராக்களும் உணர்கருவிகளும் அனுப்பும் காட்சிகளையும் அளவுகளையும் ஒரே அறையின் பெருந்திரைகளில் பார்த்து முடிவெடுக்க உதவும் ஏற்பாடு அது. சுரங்கப்பாதையில் நீர் ஏறுவதை முன்கூட்டியே அறிந்து பாதையை அடைக்க அது பயன்படுமானால் உயிர் காக்கும் கருவியே. ஆயினும் திரையில் தெரிவதே நகரம் என்று பழகிவிடும் அபாயமும் உடன் இருக்கிறது. உணர்கருவி இல்லாத சந்தில் தேங்கிய நீர் எந்த அளவிலும் பதிவாவதில்லை. இந்த வலைப்பின்னல் எவ்வளவு மெல்லியது என்பதை அதே 2015ஆம் ஆண்டின் டிசம்பர் காட்டிற்று. அடையாறு கரைபுரண்டபோது மின்சாரம் போனது, கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன, நகரின் பெரும்பகுதி ஊமையாயிற்று; 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ், அச்சகத்துக்குப் பணியாளர்கள் சென்றுசேர முடியாததால், தன் வரலாற்றில் முதன்முறையாக டிசம்பர் 2ஆம் தேதி சென்னைப் பதிப்பை அச்சிட இயலாமற்போனது. ஓராண்டு கழித்து, 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் கரைகடந்தபோது, பணமதிப்பிழப்பால் கையில் தாள் இல்லாத மக்கள், மின்சாரமும் இணையமும் இல்லாததால் அட்டையையும் பயன்படுத்த முடியாமல் கடைகளின் முன் நின்றார்கள். அந்நாள்களில் வேலை செய்தது பழைய தூரம்: மீனவர்கள் தெருவுக்குள் செலுத்திய படகு, பக்கத்து வீட்டு மாடி, கடன் சொல்லி அரிசி கொடுத்த அண்ணாச்சியின் முகப்பழக்கம். அறிமுகம் என்ற அந்த வலை அறுபடாமல் இருந்த தெருக்களில் உதவி முதலில் வந்தது. இடம்பெயர்க்கப்பட்டுப் புதிதாக அடுக்கிவைக்கப்பட்டவர்களிடம் அந்த வலையும் இருந்திருக்காது என்பது எண்ணிப்பார்க்கவேண்டிய செய்தி.

ஆகவே வேண்டப்படுவது கேபிளையோ கைபேசியையோ மறுக்கும் மனநிலையன்று. கணக்கை முழுமையாக எழுதும் நேர்மை. ஒரு தொழில்நுட்பப் பூங்காவுக்கோ தரவு மையத்துக்கோ அனுமதி தரும் கோப்பில் முதலீட்டுத் தொகையும் வேலைவாய்ப்பும் இடம்பெறுவதுபோல், அது எந்த ஏரியின் நீர்வழியை எவ்வளவு நீட்டும், அதற்கான தண்ணீர் எந்த ஊரின் நிலத்தடியிலிருந்து வரும், அதைத் துப்புரவு செய்யப்போகிறவர் எங்கிருந்து எத்தனை பேருந்து மாறி வருவார் என்பனவும் எழுதப்படவேண்டும். ஈரநிலத்தின் எல்லையை மனை விற்பவரின் வரைபடத்துக்கு ஏற்ப வளைக்காமல், மழைக்காலத்து நீர் நிற்கும் பரப்பைக் கொண்டு வரையவேண்டும். ஏழைகளுக்கான வீட்டை அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகில் கட்டவேண்டும். மாதவரத்தையும் சிறுசேரியையும் இணைக்கும் மெட்ரோ பாதை ஓடத் தொடங்கும்போது கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் நிலையத்துக்கு வந்துசேரச் சிற்றுந்து இருக்கவேண்டும், கட்டணம் துப்புரவுப் பணியாளரின் கூலிக்குக் கட்டுப்படவேண்டும். சென்னை இத்தொழில்நுட்பத்தால் வளர்ந்தது உண்மை. அவ்வளர்ச்சி மிச்சப்படுத்திய ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஈடாக வேறு யாரோ நடந்தார்கள், காத்திருந்தார்கள், நீரில் நின்றார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. யாருடைய தூரத்தை யார் சுமப்பது என்பதைச் சந்தையிடமும் கணக்குமுறையிடமும் விட்டுவைத்திருக்கும்வரை, எத்தனை கேபிள்கள் கரையேறினாலும் அது நீதியான நகரமாகாது.